சேற்றுக்குப் போகிற எஃப்.ஐ. வண்டி: தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

செகண்ட் ஹேண்டில் எக்ஸ்பல்ஸ் 200 4வி எடுத்துவிட்டாய் என்று அம்மா போனில் சொன்னாள். நல்ல வண்டிதான்டா. ஆனால் கையோடு நீ எனக்கு அனுப்பின லிஸ்ட் இருக்கிறதே, அதுதான் சரியில்லை. சத்தம் போடுகிற சைலன்ஸர், ஓப்பன் ஏர் ஃபில்டர், நாலு பார்லைட்டு, லாரி ஹார்ன். இதில் ஒன்றாவது சேற்றில் மாட்டின சக்கரத்தை வெளியே எடுக்குமா? நீ லடாக் போகப்போவதில்லை. ஒரத்தநாட்டிலிருந்து புதாற்றங்கரை ஏறி வயலுக்குப் போவாய். ஐப்பசி, கார்த்திகையில் வெண்ணாற்றுப் படுகைப் பக்கம் இறங்குவாய். லீவு கிடைத்தால் அதிராம்பட்டினம், கோடியக்கரை என்று உப்புக்காற்றைத் தேடிப் போவாய். அதற்கு வண்டியைத் தயார் செய்வது வேறு வேலை.

ஸ்பேர்ஸ் கடை கவுண்டரில் உட்கார்ந்து நான் பார்ப்பதைச் சொல்கிறேன். நம்ம பக்கம் எஃப்.ஐ., அதாவது ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி வழியில் நின்றால் பெரும்பாலும் பேட்டரி, கனெக்டர், தண்ணீர் கலந்த பெட்ரோல், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எடுத்த எடுப்பில் "இ.சி.யு. போச்சு", அதாவது இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரே போச்சு என்று ஒருத்தர் சொன்னால், கும்பிட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த கடைக்குப் போ.

காசு முதலில் எங்கே போக வேண்டும்

டயருக்கு. உன் வண்டியில் முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18. அந்தப் பெரிய முன்சக்கரம்தான் வரப்பையும் வாய்க்கால் மேட்டையும் ஏறிக் கடக்கிறது. ஆனால் டெல்டா வண்டல் களிமண் வேறு மாதிரி. டயர் பட்டன்களுக்கு நடுவில் போய் அப்பிக்கொண்டால் டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும், பிறகு அது டயரே இல்லை. பட்டனுக்குப் பட்டன் இடைவெளி அகலமாக உள்ள டயராகப் பார்த்து எடு. சுற்றும்போதே மண்ணை உதறிவிடும். அதற்காக முழுக்க முழுக்க மோட்டோகிராஸ் டயரைப் போட்டுவிடாதே. மழையில் தார் ரோட்டில், அதுவும் டிராக்டர் கேஜ் வீல் இழுத்துப்போட்ட களியோடு கிடக்கிற வளைவில், அது வழுக்கிக் காட்டும். பாதி ரோடு, பாதி மண் என்று வருகிற டயரே உனக்குப் போதும்.

காற்று விஷயத்தில் கம்பெனி ஸ்டிக்கரில் போட்டிருப்பது ரோட்டுக்கான அளவு. கரையிலிருந்து இறங்குமுன் நாலைந்து பி.எஸ்.ஐ. குறைத்துக்கொள், ரோட்டுக்கு ஏறினதும் திரும்ப அடி. அதற்கு மேல் குறைக்காதே. உன்னுடையது டியூப் டயர், கல்லில் மோதினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி ரெண்டு ஓட்டை விழும். சைக்கிளுக்கு அடிக்கிற கால் பம்பு ஒன்று பையில் இருக்கட்டும்.

டியூப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைமடைப் பக்கம் சீமைக்கருவேல முள் இல்லாத பாதை கிடையாது. பஞ்சர் கடைக்காரரிடம் 17, 18 அங்குல டியூப் கிடைக்கும். 21 அங்குல டியூபைக் கேட்டால் உன்னை மேலும் கீழும் பார்ப்பார். அதனால் நீ சுமக்க வேண்டியது 21 அங்குல டியூப் ஒன்றுதான். பின்சக்கரம் பஞ்சரானாலும் அவசரத்துக்கு அதையே மடித்து உள்ளே திணித்து ஊர் வந்து சேரலாம். 18-ஐ 21-க்குள் இழுத்துப் போட முடியாது.

அடுத்தது ஸ்ப்ராக்கெட். குதிரைசக்தி போதவில்லை என்று சைலன்ஸரை மாற்றுகிறவர்கள் எல்லாரும் முதலில் செய்ய வேண்டியது, முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது. பின்னால் ஏறக்குறைய மூன்று பல் கூட்டினதற்கு அது சமம். சேற்றில் முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஊர வேண்டிய அவசியம் இருக்காது, கிளட்ச் தட்டும் பிழைக்கும். மேல் வேகம் கொஞ்சம் குறையும், பட்டுக்கோட்டை ரோட்டில் இன்ஜின் சத்தம் கூடுதலாகக் கேட்கும், பரவாயில்லை. பிடிக்கவில்லையா, பழையதை எடுத்து மாட்டு. மாற்றினதைத் திரும்ப மாற்றிக்கொள்ளலாம் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

அடியில் பாஷ் பிளேட், கைக்கு ஹேண்ட்கார்டு, முன்னால் இருக்கும் ஆயில் கூலருக்கு ஒரு வலை. பாஷ் பிளேட்டில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா பார், இல்லையென்றால் லேத் பட்டறையில் போட்டுக்கொள். ஓட்டையில்லாத பிளேட்டில் களி தங்கி இன்ஜின் அடியில் காய்ந்து கெட்டியாகிவிடும், சூடு வெளியேறாது. சைடு ஸ்டாண்டுக்கு அடியில் அகலமாக ஒரு தகடும் போடு. ஈர மண்ணில் ஸ்டாண்டு இறங்கி வண்டி சாய்ந்தால் முதலில் உடைவது கிளட்ச் லீவர்.

சீட் உயரம் 825 மி.மீ. உனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் வீட்டில் தங்கையும் ஓட்டுவாள். லிங்க் மாற்றி வண்டியைத் தாழ்த்தச் சொல்லாதே. தரை இடைவெளி 220 மி.மீ. இருப்பதற்குத்தான் இந்த வண்டிக்கு நாம் விலை கொடுத்தோம். தாழ்த்தினால் சைடு ஸ்டாண்டும் நீளமாகிப்போய் வண்டி நிமிர்ந்து நிற்கும், காற்றடித்தால் விழும். ஒரு பக்கமாக இடுப்பை நகர்த்தி ஒரு காலை மட்டும் ஊன்றக் கற்றுக்கொண்டால் போதும், நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். பொம்பளைப் பிள்ளைக்கு இந்த உயரம் ஆகுமா என்று சித்தப்பா ஆரம்பித்தால், பெங்களூர்ப் பெண் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் எஃப்.ஐ.எம். பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவை ஜெயித்ததைச் சொல். அதற்கும் ஏதாவது சொல்வார், அது வேறு கதை.

சைலன்ஸர் ஆசை

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லாவிட்டால் நீ கேட்கமாட்டாய். கார்புரேட்டர் வண்டியில் சைலன்ஸர் மாற்றினால் ஜெட்டை மாற்றி, ஸ்க்ரூவைத் திருகிச் சரிக்கட்டுவார்கள். எஃப்.ஐ. வண்டியில் எவ்வளவு பெட்ரோல் அடிக்க வேண்டும் என்பதை இ.சி.யு. தீர்மானிக்கிறது. காற்றின் அழுத்தம், சூடு, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, இன்ஜின் எவ்வளவு வேகம் சுற்றுகிறது என்று நாலைந்து சென்சாரைக் கேட்டு ஒரு கணக்குப் போடும். புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் அந்தக் கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்கும். ஆனால் சீராக ஓட்டும்போதுதான் இ.சி.யு. அந்த சென்சாரின் பேச்சைக் கேட்கும். நீ முழுசாக முறுக்கினால் சென்சாரை விட்டுவிட்டுக் கம்பெனி எழுதிவைத்த அட்டவணைப்படிதான் பெட்ரோல் போகும். அந்த அட்டவணை கம்பெனி சைலன்ஸருக்கும் கம்பெனி ஃபில்டருக்கும் எழுதினது. நீ ரெண்டையும் மாற்றிவிட்டு முறுக்கினால் காற்று கூடி, பெட்ரோல் குறைந்து, இன்ஜின் கொதிக்கும். த்ராட்டிலை விட்டால் பின்னால் பட்பட்டென்று வெடிக்கிற சத்தத்தைப் பையன்கள் கெத்து என்று நினைக்கிறார்கள்.

இ.சி.யு. போடும் கணக்கைத் திருத்துகிற பிக்கிபேக் பெட்டி ஒன்று மாட்டினால் சரியாகும் என்பார்கள். சரியாக டியூன் செய்யத் தெரிந்த ஆள் செய்தால் ஆகும். ஆனால் அந்தப் பெட்டிக்காக இன்ஜெக்டர் வயரிலும் சென்சார் வயரிலும் புதுசாக ரெண்டு மூன்று கனெக்டர் சேரும். நம்ம ஊர் ஈரத்தில் ஒவ்வொரு கனெக்டரும் வருங்கால வேலை.

ஓப்பன் ஃபில்டரைப் பற்றிப் பேச்சே வேண்டாம். மாசியில் அறுவடை மிஷின் ஓடும்போது எழும்புகிற தூசியை நீயே பார்த்திருக்கிறாய், கண் திறக்க முடியாது. அதை இன்ஜினுக்குள் விடாமல் தடுப்பதும், வெள்ளத் தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பதும் அந்த மூடின ஏர் பாக்ஸ்தான். காற்று போகிற வாயை அறுத்துப் பெரிசாக்குகிறவர்கள் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் வாசலைத் திறந்துவிடுகிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ என்று ஒரு பிரிவு சேர்த்து, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், இல்லையென்றால் ரெண்டும் என்று வைத்திருக்கிறார்கள். உன் லிஸ்டை வைத்துக் கூட்டிப் பார்.

ஸ்டார்ட் ஆகவில்லையா, காதைத் தீட்டிக்கொள்

சாவியைப் போட்டதும் டேங்குக்குள்ளிருந்து ரெண்டு மூன்று விநாடி "உய்ங்ங்" என்று ஒரு சத்தம் வரும். பெட்ரோல் பம்பு லைனில் அழுத்தம் ஏற்றுகிற சத்தம் அது. வண்டி நன்றாக இருக்கும்போதே அதைத் தினமும் கேட்டுப் பழகு. பிரச்சினை வரும்போது அந்தச் சத்தம்தான் பாதி பதில்.

சத்தம் வரவில்லை என்றால் கில் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா பார். சிரிக்காதே, தள்ளிக்கொண்டு வந்த வண்டிகளில் இதுவும் நிறைய. அடுத்து ஃபியூஸ். அடுத்து, வண்டி கீழே விழுந்ததா? விழுந்தால் சாய்வு சென்சார் இன்ஜினையும் பம்பையும் நிறுத்திவிடும். நிமிர்த்தி நேரே நிறுத்தி, சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். வரப்பில் விழுந்த பதற்றத்தில் பையன்கள் இதைச் செய்யாமல் செல்ஃபை மட்டும் அமுக்கி அமுக்கிப் பேட்டரியைத் தீர்த்துவிடுவார்கள்.

பேட்டரிக்கு வருவோம். 300, 400 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள். வண்டி சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்த பேட்டரி. 12.2-க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, அல்லது டெர்மினல் லூஸ். இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் 13.8-லிருந்து 14.5 வரை இருக்க வேண்டும், இல்லையென்றால் சார்ஜிங் பக்கம் பார். பேட்டரி சுத்தமாக இறந்துபோன எஃப்.ஐ. வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. பம்புக்கும் இ.சி.யு.வுக்கும் கரண்ட் வேண்டுமே. நாலு பேரைக் கூட்டிவைத்துத் தெருவில் தள்ளுவது வீண்.

பக்கத்து வயலில் டிராக்டர் நின்றால் அதன் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஜம்ப் போடலாம். டிராக்டர் இன்ஜின் ஆஃபில் இருக்க வேண்டும். நெல் ஏற்ற வந்து கொள்முதல் நிலையத்து வாசலில் வரிசையில் நிற்கும் பெரிய லாரியிடம் மட்டும் போகாதே. அதில் பெரும்பாலும் ரெண்டு பேட்டரி சேர்த்து 24 வோல்ட். ஒரு விநாடி தொட்டாலும் இ.சி.யு. நிஜமாகவே போய்விடும்.

பம்பு சத்தம் வருகிறது, செல்ஃபும் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பார். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பொறி பார்க்கும்போது பிளக்கின் உலோகப் பகுதி இன்ஜினை நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேப்பை அந்தரத்தில் தொங்கவிட்டு செல்ஃப் அடிக்காதே, காயிலுக்கும் கேடு, இ.சி.யு.வுக்கும் கேடு. பெட்ரோல் லைனைச் சட்டென்று பிடுங்கவும் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் அதற்குள் 3 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும், சூடான இன்ஜின் மேல் பீய்ச்சி அடிக்கும்.

கியர் போட்டால் மட்டும் ஆஃப் ஆகிறதா? சைடு ஸ்டாண்டு சுவிட்ச் உள்ள வண்டிகளில் இது நடவு சீசன் வியாதி. ஸ்டாண்டை மடக்கினாலும் சுவிட்சில் களி அடைத்துக்கொண்டு "இன்னும் இறங்கித்தான் இருக்கிறது" என்று இ.சி.யு.வுக்குச் சொல்லும். ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும்தான் மருந்து.

மஞ்சள் விளக்கும் பச்சைக் களிம்பும்

மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு சாவி போட்டதும் எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கினதும் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் இ.சி.யு. ஏதோ ஒரு குறையை எழுதிவைத்திருக்கிறது என்று அர்த்தம். பி.எஸ்.6 வண்டிகளில் சீட்டுக்கடியில் அல்லது பக்கவாட்டு மூடிக்குள் ஒரு சின்ன டயக்னாஸ்டிக் கனெக்டர் இருக்கும். ஸ்கேனர் மாட்டினால் கோடு வரும். சிலதைத் தெரிந்து வைத்துக்கொள். பி0107, பி0108 என்றால் காற்றழுத்த சென்சார். பி0122, பி0123 த்ராட்டில் சென்சார். பி0130 ஆக்ஸிஜன் சென்சார். பி0201 இன்ஜெக்டர் சர்க்யூட். பி0335 கிராங்க் சென்சார். பி0562 என்றால் வோல்டேஜ் குறைவு, மறுபடியும் பேட்டரிதான்.

கோடு வந்தால் அந்த சென்சார் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த சென்சாரின் வயரிலிருந்து வருகிற செய்தி சரியில்லை, அவ்வளவுதான் அது சொல்கிறது. வேதாரண்யம் பக்கமிருந்து ஒருத்தர் கடைக்கு வந்தார். பி0107, பி0122 ரெண்டும் ஒரே நாளில் வந்திருக்கிறது. முழு த்ராட்டில் பாடியையும் மாற்றச் சொல்லி யாரோ எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு கையில். ரெண்டு சென்சாரும் சேர்ந்தாற்போல் ஒரே நாளில் சாகுமா? ரெண்டுக்கும் பொதுவாக 5 வோல்ட் வயர் ஒன்று போகிறது, பொது எர்த் ஒன்று வருகிறது. கடை வாசலிலேயே சீட்டைக் கழற்றி, கறுப்புக் கனெக்டரின் பூட்டை அமுக்கிப் பிரித்தோம். உள்ளே இருக்க வேண்டிய ஆரஞ்சு நிற ரப்பர் சீல் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அந்தப் பக்கத்துப் பின்னில் பச்சைப் பசேல் என்று களிம்பு. உப்புக்காற்றின் வேலை. கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ் போட்டு, தளர்ந்திருந்த எதிர்ப் பின்னைத் தையல் ஊசியால் லேசாக நெம்பி இறுக்கி, டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி மாட்டினோம். விளக்கு அணைந்தது. நான் விற்றது ஒரு சின்ன கிரீஸ் டியூப் மட்டும். வீட்டுக்காரர் அன்றைக்கு முழுக்க என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

அதனால் மழைக்கு முன்னால், அதாவது புரட்டாசியிலேயே, டேங்கைத் தூக்கி எல்லாக் கனெக்டரையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, பார்த்து, கிரீஸ் தடவி மூடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். நீ செய்கிற மாடிஃபிகேஷன் எல்லாவற்றிலும் இதுதான் உருப்படி. அதன்பிறகு வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை சீட்டுக்கடியிலும் ஹேண்டில் பக்கமும் காட்டவிடாதே. வாய்க்கால் தண்ணீரைக் குவளையால் மொண்டு ஊற்றிக் கழுவினாலே போதும்.

மைலேஜ் திடீரென்று குறைந்து, பிளக் கரியாகி, பி0130-உம் வந்தால் இன்ஜெக்டரைக் கழற்றுமுன் சைலன்ஸர் ஜாயின்ட்டைப் பார். கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்துவிட்டு "பெட்ரோல் குறைவு" என்று புகார் செய்யும், இ.சி.யு. கூடுதலாக அடிக்கும். ஒரு கேஸ்கெட்டில் முடிகிற விஷயம்.

பார்லைட்டு போட்டே தீருவேன் என்றால், பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ், ரிலே வைத்துத் தனி வயர் இழு. 40 வாட் விளக்கு ஏறக்குறைய 3.3 ஆம்பியர் இழுக்கும், அதற்குத் தகுந்த ஃபியூஸ் போடு. கையில் கிடைத்த வயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றினால், அது சென்சார் வயராகவும் இருக்கலாம்.

லக்கேஜ் கேரியர் வெல்டிங் செய்ய லேத் பட்டறைக்குப் போகிறாய் என்றால் பேட்டரி டெர்மினல் ரெண்டையும் கழற்று, இ.சி.யு. கனெக்டரையும் பிடுங்கு. முடிந்தால் கேரியரையே கழற்றிக் கொடுத்துவிடு. கலப்பைக்கும் டிரெய்லருக்கும் வெல்டிங் அடிக்கிற கைக்கு உன் வண்டியில் கம்ப்யூட்டர் இருப்பது தெரியாது.

தண்ணீர்

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் நாலு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்து, காவிரி, வெண்ணாறு, புதாறு என்று பிரிந்துபோகும். அதுவரை சிமென்டு போல இருந்த வாய்க்கால் கரை உள்ளுக்குள் ஊறி இளகும். மேலே காய்ந்த மாதிரிதான் தெரியும். அந்த வாரங்களில் கரையின் ஓரத்தில் ஓட்டாதே, நடுவில் ஓட்டு.

மழைக்காலத்தில் தரைப்பாலத்தில் தண்ணீர் போனால் இறங்கி நடந்து பார். முழங்காலைத் தாண்டினாலோ, கால் இழுபட்டாலோ திரும்பி வந்துவிடு. தாண்டுவதாக இருந்தால் முதல் கியரில் சீராக, த்ராட்டிலை விடாமல் போ. நடுவில் இன்ஜின் தானாக நின்றால் செல்ஃபைத் தொடாதே. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் தண்ணீர் நசுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். தள்ளிக் கரையேற்று. பிளக்கைக் கழற்று, ஏர் பாக்ஸைத் திற, ஃபில்டர் நனைந்திருக்கிறதா பார். நனைந்திருந்தால் இன்ஜெக்டர் ஃபியூஸை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்துத் தண்ணீரை வெளியே துப்பவிடு. ஆயில் பார்க்கிற கண்ணாடியில் ஆயில் வெளுத்து டீ நிறத்தில் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அந்த ஆயிலோடு வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதே.

தண்ணீர் போகிற இன்னொரு வழி டேங்க் மூடி. மூடியைச் சுற்றியிருக்கும் பள்ளத்தில் ஒரு சின்ன வடிகால் ஓட்டை உண்டு. அதிலிருந்து போகிற ஹோஸ் வண்டியின் அடியில் வந்து முடியும். அந்த முனையில் களி அடைத்திருக்கும், இல்லையென்றால் மண்குளவி கூடு கட்டியிருக்கும். அடைத்தால் மழைத்தண்ணீர் மூடி வழியாக டேங்குக்குள் கசியும். காற்று போகிற ஹோஸ் அடைத்தால் வேறு கூத்து: வண்டி கொஞ்ச தூரம் ஓடி மூச்சு முட்டி நிற்கும், மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும், மறுபடி ஓடும். மெல்லிய கம்பியை விட்டு ரெண்டு ஹோஸையும் குத்திவிடு.

இப்போது பங்க்கில் கிடைப்பது இ20, அதாவது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் இழுத்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். பம்பு உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். சந்தேகம் வந்தால் டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வை. கீழே தனியாக ஒரு கோடு விழுந்தால் அத்தனையையும் இறக்கிவிட்டுப் புதுசு போடு. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறாய் என்றால் காலி டேங்கோடு நிறுத்தாதே, உள்ளே இருக்கிற காற்றுதான் ஈரத்தைக் கொண்டுவருகிறது. அதற்காகக் கழுத்து வரை தளும்பத் தளும்பவும் ஊற்றாதே. பி.எஸ்.6 வண்டியில் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கிற கரி டப்பா நனைந்துபோய், சூட்டில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ரிசர்விலேயே ஓட்டுகிற பழக்கத்தையும் விடு. டேங்குக்குள் இருக்கும் பம்பைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிரவைக்கிறது.

வைக்கோலும் எலியும்

அறுவடை சமயம் ரோட்டில் நெல் காயும், வைக்கோல் கிடக்கும். அதில் ஏறும்போது பிரேக் பிடிக்காதே என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாத விஷயம், பி.எஸ்.6 வண்டியின் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் எவ்வளவு சூடாகும் என்பது. ஓட்டி வந்த வண்டியைக் காய்ந்த வைக்கோல் மேல் நிறுத்தாதே. பாஷ் பிளேட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் வைக்கோல் சொருகியிருக்கிறதா என்று களத்தை விட்டு ஏறும்போதெல்லாம் குனிந்து பார். முன் ஸ்ப்ராக்கெட் மூடியைச் சீசனுக்கு ஒருமுறையாவது திறந்து, சுற்றிக்கொண்ட வைக்கோலைப் பிடுங்கு. ஆயில் கூலர் இடுக்கில் அடைத்த தவிட்டுத் தூசியைத் தண்ணீர் விட்டுக் கழுவு.

நெல் அறுத்ததும் வயல் எலி வீட்டுக்கு வரும். உன் வண்டி சீட்டுக்கடியில் அதற்கு எல்லாமே இருக்கிறது: சூடு, இருட்டு, கடிக்க வயர். ஒரு வண்டியில் ஏர் பாக்ஸுக்குள் ஃபில்டர் பேப்பரைக் கிழித்துப்போட்டு, வைக்கோல் பரப்பி, குட்டியே போட்டிருந்தது. பொங்கலிலிருந்து மாசி முடியும்வரை வாரம் ஒருமுறை சீட்டைக் கழற்றிப் பார். வயரில் பல் பட்டிருந்தால் டேப் சுற்றாதே, சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடு. வண்டிக்கு எலி மருந்து ஸ்பிரே, சத்தம் போடுகிற கருவி என்று ஏதேதோ விற்கிறார்கள், நானும் விற்கிறேன். ஆனால் பெரியப்பா மூங்கிலில் கட்டுகிற தஞ்சாவூர்க் கிட்டி ரெண்டைக் கொட்டகையில் வைத்தால் அதைவிட வேலை செய்யும்.

பையில் எப்போதும் இருக்க வேண்டியது: 21 அங்குல டியூப், டயர் லீவர் ரெண்டு, பம்பு, பிளக்கும் பிளக் ஸ்பேனரும், உதிரி ஃபியூஸ், செயின் லாக், மல்டிமீட்டர், கொஞ்சம் கட்டுக்கம்பி, ஒரு கிளட்ச் லீவர். டூத் பிரஷ் வீட்டிலிருந்து எடுத்துக்கொள். மற்றதெல்லாம் கடையில் இருக்கிறது, சனிக்கிழமை வா. தம்பி என்பதற்காகக் கடன் கிடையாது, சைலன்ஸர் கேட்டால் அதுவும் கிடையாது.